துவைக்கிற கல்லும் யவனர் பானையும்

காபியில் சர்க்கரை போதுமா என்று சொல்லிவிடுங்கள், சிந்துஜா. எங்கள் வீட்டில் கொஞ்சம் தூக்கலாகத்தான் போடுவோம். அவருக்கு அப்படி இருந்தால்தான் பிடிக்கும். அவர் உங்களுக்குப் பிஸ்கட் வாங்கக் கடைக்குப் போயிருக்கிறார். சட்டைப்பையில் வீட்டு முகவரியும் என் போன் நம்பரும் எழுதிய அட்டை இருக்கிறது, தொலைந்துபோக மாட்டார். மெதுவாகத்தான் வருவார். அதற்குள் நீங்கள் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லிவிடுகிறேன்.

போன வாரம் பள்ளிக்கூடத்தில் நீங்கள் பேசியபோது நான் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். அரிக்கமேட்டுக்குப் பக்கத்தில் குடியிருப்பவர்களுக்கு அந்த இடத்தின் அருமை தெரியவேண்டும் என்று எங்களையெல்லாம் கூப்பிட்டு உட்காரவைத்திருந்தார்கள். கப்பலில் வந்த யவனர்கள், அவர்கள் கொண்டுவந்த ஜாடிகள், வாங்கிப்போன மணிகள் எல்லாம் சொன்னீர்கள். திரையில் ஒரு பானை நிறைய வெள்ளிக்காசு காட்டினீர்கள். "இவ்ளோ பத்திரமா பொதைச்சவங்க ஏன் திரும்ப வந்து எடுக்கல? யாராவது சொல்லுங்க" என்று கேட்டீர்கள். ஒருவர் சண்டை வந்திருக்கும் என்றார். ஒருவர் விஷக்காய்ச்சல் என்றார். வீராம்பட்டினத்துக்காரர் ஒருவர், கடலில் போயிருப்பார்கள் என்றார். அவர் ஊரில் திரும்பி வராதவர்கள் எல்லாரும் கடலில் போனவர்கள்தான். எல்லாவற்றுக்கும் நீங்கள் இருக்கலாம், இருக்கலாம் என்று தலையாட்டினீர்கள்.

ஒருவர்கூட வீட்டைப் பற்றிச் சொல்லவில்லை. புதைத்தவருக்கு ஒரு வீடு இருந்திருக்கும். வீட்டில் ஒருத்தி இருந்திருப்பாள். அந்தக் கொல்லையைத் தினமும் பெருக்கியவள் அவளாகத்தான் இருந்திருக்க வேண்டும். இது ஏன் உங்கள் யாருக்கும் தோன்றவில்லை என்று எனக்கு ஆச்சரியம்.

எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். பிறகு நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

என் வீட்டுக்காரர் புருஷோத்தமன் மில்லில் ஃபிட்டராக இருந்தவர். மில் மூடிய பிறகு மோட்டார், பம்பு ரிப்பேர் பார்த்தார். நீங்கள் உட்கார்ந்திருக்கிற இடத்துக்கு எதிரே வெள்ளையடித்த சுவர் இருக்கிறதே, அதில்தான் அவருடைய சாமான்கள் மாட்டியிருந்தன. ஸ்பேனர், சுத்தியல், குறடு ஒவ்வொன்றையும் சுவரில் வைத்து, அதன் உருவத்தைச் சுற்றிக் கறுப்புப் பெயின்ட்டால் கோடு போட்டிருப்பார். ஒரு சாமானை எடுத்தால் சுவரில் அதன் நிழல் மட்டும் நிற்கும். வேலை முடிந்ததும் அந்த நிழலுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும்.

கல்யாணமாகி வந்த புதிதில் நான் ஒரு ஸ்பேனரை எடுத்துத் தேங்காய் உடைத்தேன். திரும்ப மாட்டும்போது வேறொரு நிழலில் மாட்டிவிட்டேன். அவர் திட்டவில்லை. ஏன் எடுத்தாய் என்றுகூடக் கேட்கவில்லை. என்னைப் பார்க்காமலேயே எடுத்துச் சரியான இடத்தில் மாட்டிவிட்டுப் போனார். திட்டியிருந்தால் நான் இன்று உங்களிடம் பேசிக்கொண்டிருக்க மாட்டேன் என்று நினைக்கிறேன்.

அவர் கெட்டவர் இல்லை. குடி கிடையாது, கை நீட்டியது கிடையாது. அவருக்கு எது எங்கே இருக்கிறது என்று எப்போதும் தெரியும், அவ்வளவுதான். சட்டைக்கு அவரே இஸ்திரி போடுவார். தீப்பெட்டி, குடை, ரேஷன் கார்டு எதையும் எங்கே என்று கேட்டதில்லை. ஒரு வருஷம் எனக்கு டைபாய்டு வந்து படுத்துக் கிடந்தேன். எழுந்து சமையலறைக்குப் போனால் எல்லாம் சுத்தமாக இருந்தது. உப்பு ஜாடி நான் வைத்திருந்ததைவிட நல்ல இடத்தில் இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன். நான் செத்திருந்தாலும் இந்த வீட்டில் ரசத்துக்கு உப்பு சரியாகத்தான் இருந்திருக்கும்.

பானை கிடைத்தது ஒரு கார்த்திகை மாதம். மழை விட்டிருந்தது. துவைக்கிற தண்ணீரை வாழைக்குத் திருப்பக் கொல்லையில் கால்வாய் வெட்டிக்கொண்டிருந்தார். நான் சமையலறை ஜன்னலில் நின்று வெங்காயம் அரிந்துகொண்டிருந்தேன். கடப்பாரையின் சத்தம் மாறியது. உட்கார்ந்தார், கையால் மண்ணைத் தள்ளினார், சின்னப் பானை ஒன்றை எடுத்தார். உள்ளே பார்த்தார். தெருப்பக்கம் பார்த்தார். பக்கத்து வீட்டுப் பாக்கியலட்சுமியின் மதிலைப் பார்த்தார். ஜன்னலைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் நான் தெரிந்திருப்பேன்.

துண்டால் மூடி எடுத்துக்கொண்டுபோய், கொல்லையின் இன்னொரு மூலையில் குழி வெட்டி இறக்கினார். மண்ணை மூடி மிதித்துவிட்டு, டேப்பை எடுத்துத் துவைக்கிற கல்லின் விளிம்பிலிருந்து அளந்தார். தென்னை பக்கத்திலேயே இருந்தது. ஆனால் 'தானே' புயலில் இந்த ஒன்றைத் தவிர எங்கள் மரம் எல்லாம் போனபிறகு அவர் மரத்தை நம்புவதில்லை. கல் எங்கே போய்விடும்? ஃபிட்டர் புத்தி. அவர் வீட்டில் ஒரு சாமான் வைத்த இடத்தில்தானே இருக்கும்.

கை கழுவிக்கொண்டு உள்ளே வந்தார். "சோறு ஆச்சா?" என்றார்.

சாப்பிடும்போது சொல்வார் என்று காத்திருந்தேன். "ரசத்துல உப்பு கம்மியா கீது" என்றார். மறுநாள் சொல்வார் என்று பார்த்தேன். அந்த வாரம் முழுக்கப் பார்த்தேன். நான் பொறுமைசாலி. பிறகு ஒருநாள் போனில் பேசியது காதில் விழுந்தது. நோணாங்குப்பத்தில் படகு ஓட்டுகிற கலைவாணன் அவருடைய பழைய மில் சினேகிதர். அவரிடம் சொன்னார்: "இனிமே எவனையும் அண்டி நிக்க வேணாம்பா. படகு ஒண்ணு வாங்கிப் போட்டுட்டு அங்கயே இருந்துடறேன்."

அங்கயே. இருந்துடறேன். இருந்துடறோம் என்று சொல்லவில்லை.

நீங்களே எடுத்து ஒளித்திருக்கலாமே என்று கேட்பீர்கள். அவர் இல்லாத ஒரு மத்தியானம் தோண்டிப் பார்த்தேன், இல்லையென்று சொல்லவில்லை. கறுத்துப்போன வெள்ளிக்காசுகள், பூசணி விதை மாதிரி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு. ஒவ்வொன்றிலும் தலையில் இலை வைத்துக்கொண்டு, நீண்ட மூக்கோடு ஓர் ஆள். பக்கவாட்டில் பார்த்துக்கொண்டிருந்தார். எப்படித் திருப்பினாலும் அந்த முகம் நம்மைப் பார்க்காது. எனக்குப் பழகிய முகம்தான். ஒரே ஒரு காசை மட்டும் எடுத்து அஞ்சறைப்பெட்டியில் சீரகத்துக்கு அடியில் போட்டேன். மற்றதை அப்படியே மூடினேன். எனக்குக் காசு தேவைப்படவில்லை. அவர் வந்து ஒரு தடவை என்னிடம் கேட்கவேண்டும். அதுதான் தேவைப்பட்டது.

அதனால் கல்லை நகர்த்தினேன்.

கனமான கல். அவர் நோணாங்குப்பம் போகிற நாட்களில், கடப்பாரையைக் கொடுத்துக் கொஞ்சம் கொஞ்சமாக நெம்புவேன். ஒரு சாண் நகர்ந்தால் போதும் என்று விட்டுவிடுவேன். ஒருமுறை பிடி நழுவி, கல் சுற்றித் திரும்பி உட்கார்ந்துவிட்டது. பரவாயில்லை என்று விட்டேன். பழைய இடத்தில் சாம்பலும் வாழைச்சருகும் கொட்டினேன். தினமும் பார்க்கிற பொருள் கொஞ்சம் நகர்ந்தால் யாருக்கும் தெரியாது. அதுவும் அவர் துணி துவைப்பதில்லை.

பொங்கல் கழித்து, நான் முத்தியால்பேட்டையில் என் தங்கை வீட்டுக்குப் போய்விட்டு வந்தபோது கொல்லையில் புதுமண் கிடந்தது. அவர் முகம் வெளுத்திருந்தது.

"நிர்மலா, கொல்லையில எதனா வேலை செஞ்சியா?"

"துணி துவைச்சேன். வேற என்னா செய்வேன்?"

இது பொய் இல்லை. நான் பொய் சொல்கிறவள் இல்லை. அவரும் அதற்குமேல் கேட்கவில்லை. பானையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டிருந்தால், அந்த இடத்திலேயே கையைப் பிடித்துக் கூட்டிப்போய்க் காட்டியிருப்பேன். அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

ஒரு பொருளைத் தொலைத்தவர் திருடனைத் தேடுவார். பல பொருளைத் தொலைத்தவர் தன்னையே சந்தேகப்படுவார். இது எனக்கு யாரும் சொல்லிக்கொடுத்தது இல்லை, தானாகத் தோன்றியது. அவருடைய மூக்குக்கண்ணாடியை எடுத்து ஃப்ரிட்ஜில் வெண்டைக்காய்க்குப் பக்கத்தில் வைத்தேன். சைக்கிள் சாவியை அவர் சட்டையிலேயே வேறு பைக்கு மாற்றினேன். கட்டிய மின்சாரபில்லைக் கட்டவில்லை என்றேன். "வயசானா எல்லாருக்கும் வர்றதுதான்" என்று ஆறுதல் சொன்னேன். தேதி கிழிக்கிற காலண்டரில் சில நாட்கள் கூடுதலாகத் தாள் கிழித்தேன். அது விளையாட்டு மாதிரி இருந்தது. சிரிக்கிறீர்களே, எனக்கும் அப்போது சிரிப்புதான் வந்தது.

அப்படித்தான் அந்த வருஷம் புரட்டாசி முடிந்துவிட்டது என்று நினைத்து, கடைசிச் சனிக்கிழமையன்று ஆட்டுக்கறி வாங்கிக்கொண்டு தெரு வழியாக வந்தார். பாக்கியலட்சுமி வாசலில் நாமம் போட்ட செம்பும் கையுமாகப் பெருமாளுக்குப் படைத்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாக்கா இது, பேரு மட்டும் பெருமாள் பேரு. தளிகை நாள்ல அண்ணன் கறியத் தூக்கினு வர்றாரு!"

தெருவே சிரித்தது. அவர் உள்ளே வந்து, சமையலறைத் தரையில் கறிப்பையோடு உட்கார்ந்துவிட்டார். பையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"நிர்மலா, எனக்கு என்னா ஆவுது?"

என் கையைப் பிடித்துக்கொண்டார். அத்தனை வருஷத்தில் அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி அதுதான், சோறு ஆச்சா என்பதையும் அந்தக் கொல்லைக் கேள்வியையும் தவிர்த்து. அந்த நேரத்தில் எனக்குள் வந்தது என்ன என்று பலமுறை யோசித்திருக்கிறேன். பயமில்லை. இரக்கம் என்று சொல்ல ஆசைதான். வீட்டுக்கு விருந்தாளி வந்தால் வருமே, அந்த மாதிரி ஒரு சந்தோஷம்.

முத்தியால்பேட்டையில் ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனேன். ஸ்கேனில் ஒன்றும் இல்லை, வயதுக்கு மூளை நன்றாக இருக்கிறது என்றார். நான் அவர் செய்வதையெல்லாம் சொன்னேன். மறந்துபோகிறவர் தான் மறந்ததை எப்படிச் சொல்வார், நான்தானே சொல்லவேண்டும்? டாக்டர் மாத்திரை எழுதினார். போதவில்லை என்று மறுபடி போய்ச் சொன்னேன், கூட்டி எழுதினார். பகலிலும் தூங்க ஆரம்பித்தார். ஸ்பேனர் கையில் நிற்கவில்லை. பம்பு ரிப்பேருக்குக் கூப்பிடுவது நின்றது. நோணாங்குப்பம், படகு எல்லாம் பேச்சில்லாமல் போனது.

ஒருநாள் சாமான்களைச் சாக்கில் கட்டிவிட்டு, அந்தச் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தார். நிழல்கள் ஒவ்வொன்றாக மறைந்தன.

"எதுக்குங்க இது?"

"எது எங்க இருக்கணும்னு செவுத்துக்குத் தெரிஞ்சி என்னா? எனக்குத் தெரியலியே."

அன்று நான் கொஞ்சம் அழுதேன். அவருக்குப் பிடித்த வாழைப்பூ வடை சுட்டுக்கொடுத்தேன்.

அதன்பிறகு கேட்டுக்கொண்டே இருந்தார். என் செருப்பு எங்க, இன்னைக்கு என்னா கிழமை, நான் சாப்ட்டனா. நான் சொல்லிக்கொண்டே இருந்தேன். எங்கள் கல்யாண வாழ்க்கை உண்மையில் அப்போதுதான் தொடங்கியது. நல்ல புத்தியோடு இருந்த ஒரு மனிதரைப் புத்தி கெட்டவர் என்று அவரையே நம்பவைத்தேன். சட்டத்தில் இதற்கு என்ன பெயர் என்று எனக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரிந்தால் சொல்லுங்கள், தெரிந்துகொள்கிறேன். ஆனால் புதைத்தவர்கள் ஏன் திரும்பி வரவில்லை என்பதற்கு, நீங்கள் பள்ளிக்கூடத்தில் கேட்டதிலேயே இதுதான் நல்ல பதில். அவர்கள் எங்கும் போகவில்லை. வீட்டில்தான் இருந்தார்கள். நன்றாகக் கவனித்துக்கொள்ளப்பட்டார்கள்.

இப்போது தேவலை. போன ஆடியில், வீராம்பட்டினம் தேருக்குத் தெருவே போயிருந்தபோது, அவர் கொல்லையில் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் குந்தி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். போய் நின்றேன்.

"பாசி பாரு நிர்மலா, வெயில் பக்கமா மொளைச்சிருக்குது. நெழல் பக்கம் வழுவழுன்னு கீது. அதுக்கும் ஞாபகம் போயிடுச்சி போல."

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். வியாதி முற்றினால் ஒரு அமைதி வரும் என்று டாக்டர் சொல்லியிருந்தார், அது அன்றைக்கே வந்துவிட்டது. அதற்குப்பிறகு அடம் இல்லை. நான் கொடுக்கிற மாத்திரையை உடனே வாயில் போட்டுக்கொண்டு, தண்ணீர் குடிக்கக் கொல்லைக் குழாய்க்குப் போய்விடுவார். உடம்பும் தேறியது. கை நடுக்கம் நின்றது. நோணாங்குப்பத்துக்குக்கூட மறுபடி போய்வர ஆரம்பித்தார், கலைவாணன் வந்து கூட்டிப்போவார். நான் தூக்குவாளியில் வைத்துத் தருவது கொஞ்சம் தயிர்சோறுதான். ஆனாலும் பலவீனம் பாருங்கள், ஒரு பக்கமாகத் தோள் சாய்ந்து அதைத் தூக்கிக்கொண்டு போவார். வரும்போது கையை வீசிக்கொண்டு வருவார். நன்றாகச் சாப்பிடுகிறார் என்று எனக்கு நிம்மதி.

கலைவாணனுக்கும் நல்ல காலம். புதுப்படகு வாங்கியிருக்கிறார். முகப்பில், தலையில் இலை வைத்த ஒருவரின் முகம் வரைந்திருக்கிறார்கள், நீள மூக்கு. அவர்கள் குலசாமியாக இருக்கும். இவரைத்தான் முன்னால் உட்காரவைத்து ஓட்டுகிறாராம். நட்பென்றால் அப்படி இருக்க வேண்டும்.

கவலை இப்போது என்னைப் பற்றித்தான். அதற்காகத்தான் உங்களை வரச்சொன்னேன். சில மாதமாக எனக்கு ஞாபகம் சரியில்லை. கண்ணாடியை எங்கேயோ வைத்துவிட்டு, அரிசி டின்னில் எடுக்கிறேன். போன மாதம் அமாவாசை என்று வடை பாயசத்தோடு மாமியாருக்குப் படைத்துக் காக்காய்க்கும் வைத்துவிட்டேன். பாக்கியலட்சுமி மதிலுக்கு மேலே எட்டிப்பார்த்து, "அக்கா, அமாவாசை நாளைக்குதான. ஏன் ஒங்க மாமியாருக்கு மட்டும் இன்னைக்கே பசி எடுத்துச்சா?" என்று கேட்டாள். காலண்டரைப் பார்த்துத்தான் செய்தேன். அதில் அமாவாசை என்றுதான் இருந்தது.

அவர்தான் என்னை அதே டாக்டரிடம் கூட்டிப்போனார். என் பக்கத்தில் உட்கார்ந்து, நான் மறந்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னார். அதே மாத்திரைதான் எழுதினார்கள். தினமும் கையில் எடுத்துக்கொடுத்து, நான் விழுங்குகிறவரை நின்று பார்க்கிறார். "வயசானா எல்லாருக்கும் வர்றதுதான் நிர்மலா" என்கிறார். எவ்வளவு அழகாகச் சொல்கிறார்.

பானை இருக்கிற இடம் தெரிந்த ஒரே ஆள் நான்தான். கல்லை எத்தனை நகர்த்தினாலும் எனக்கென்று ஒரு குறி வைத்திருந்தேன்: சமையலறை ஜன்னலின் நடுக்கம்பிக்கு நேராகத் தென்னை வருகிற இடம். மறந்துபோவதற்குள் பார்த்துவிடலாம் என்று, அவர் படகுக்குப் போயிருந்த ஒருநாள் தோண்டினேன். மண் பொலபொலவென்று வந்தது, பெருச்சாளி குடைந்திருக்கிறது. பானை இல்லை. பக்கத்தில் தோண்டினேன், அங்கேயும் இல்லை. அப்படியானால் இடத்தையும் மறந்துவிட்டேன் என்றுதானே அர்த்தம்? அங்கேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டேன், சிந்துஜா. உங்களிடம் மண்ணுக்குள் இருப்பதைக் காட்டுகிற கருவி இருக்கிறது என்றீர்கள். அதைக் கொண்டுவாருங்கள். பானையை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள், அரசாங்கத்துக்கே கொடுங்கள். அது அங்கே இருக்கிறது என்று மட்டும் சொல்லிவிடுங்கள். இருந்தால் என் புத்தி என்னிடம்தான் இருக்கிறது என்று நான் நிம்மதியாகத் தூங்குவேன்.

நம்பிக்கை வரவில்லையா? முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது. இருங்கள், அந்த ஒரு காசை எடுத்து வருகிறேன். அஞ்சறைப்பெட்டியில் சீரகத்துக்கு அடியில்தான் போட்டேன்.

சீரகம்தான் இருக்கிறது.

கடுகிலும் இல்லை. மஞ்சளிலும் இல்லை.

"என்னா தேடற நிர்மலா?"

"ஒண்ணுமில்லீங்க. சீரகம்."

"கையிலதான வச்சினு நிக்கற." பிஸ்கட் பாக்கெட்டைத் தட்டில் பிரித்துக்கொண்டே உங்களிடம் சொல்கிறார்: "வாம்மா. பானை கதை சொல்லிச்சா? கல்லை நவுத்தினேன், காசை ஒளிச்சேன்னு சொல்லியிருக்குமே. யாரு வந்தாலும் சொல்லும். ஆமா ஆமான்னு கேட்டுக்கங்கன்னு டாக்டர் சொல்லியிருக்காரு. நீயும் ஆமான்னு கேட்டுக்கம்மா. காபில சர்க்கரை பத்துதா?"

கல்லைப் பற்றி நான் இவரிடம் எப்போது சொன்னேன்? எப்போதாவது சொல்லிவிட்டு மறந்திருப்பேன். என் நிலைமை அப்படி.

பாருங்கள், சர்க்கரை டப்பாவை நேற்றுத்தான் பரணுக்கு மாற்றினேன். என்னிடம் கேட்காமலேயே கையை நீட்டி நேராக எடுத்துவருகிறார். உடம்பு முடியாத நிலையிலும் விருந்தாளியை எப்படிக் கவனிக்கிறார். நான் சொன்னதை மட்டும் அவரிடம் கேட்டுவிடாதீர்கள், சிந்துஜா. மனசு உடைந்துபோவார். பாவம், அவருக்கு ஒன்றும் தெரியாது.